மண்புழுக்களின் சார்பில்

கத்தரிச் செடிக்கு மல்லாட்டைப் புண்ணாக்கை, நீங்கள் சொல்லும் வேர்க்கடலைப் புண்ணாக்கை, அப்படியே போடக் கூடாது. ஊறவைத்து, புளிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்தும் பதத்தில் கரைத்து ஊற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் வீட்டில் தோட்டம் இருந்தால் இதை மறக்காதீர்கள். மற்றதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம்.

திண்டிவனத்துக்கு நான் வாழ வந்தபோது வீட்டுப் பின்புறம் செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கட்டாந்தரை. சாணம், சருகு, மல்லாட்டைத் தோல், அடுப்புச் சாம்பல் என்று போட்டுப் போட்டு அதை மண்ணாக்கினேன். மண்புழுக்கள் தாமாக வந்தன. எனக்குப் பிள்ளை இல்லை, புழுக்கள் இருந்தன. சிரிக்க வேண்டாம், அவை வளர்த்தவளை எதிர்த்துப் பேசியதில்லை. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் கத்தரிக்காய் பறிக்க வரும்போதெல்லாம், "இன்னாக்கா, உன் மண்ண சோத்துல பெசஞ்சி துன்னலாம் போல கீது" என்பாள். என் சமையலை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

நாங்கள் மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. துணியில் தங்கும் சிற்றுயிர்களைத் திரும்பக் கிணற்றிலேயே விட்டுவிடுவோம். என் கணவர் ஸ்ரீபாலன் இதில் மிகவும் கண்டிப்பு. வடிகட்டினாயா என்று கேட்காமல் ஒரு வாய் குடிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் தம் மண்டியில் பூச்சி மருந்துத் தூள் விற்கத் தொடங்கினார். பாவமில்லையா என்று கேட்டேன். விற்பவனுக்கு இல்லை, தூவுகிறவனுக்குத்தான் என்றார். நல்ல வியாபாரி, பாவத்தையும் சேர்த்தே விற்றார். பிறகு, வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட மருந்து போட்ட தோட்டம் ஒன்று வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நான் கிளியனூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அன்று, சமையலறைக் கொடியிலிருந்து தண்ணீர் வடிகட்டும் துணியை எடுத்து, தூளை அதில் மூட்டையாக முடிந்து, கத்தரிப் பாத்தி முழுக்கத் தட்டித் தட்டித் தூவிவிட்டார். வேலை முடிந்ததும் துணியை உதறிக் கொடியிலேயே போட்டும்விட்டார். ஒழுங்கான மனிதர். ஆனால் மடிப்பெல்லாம் தூள் அப்பியிருந்தது.

நான் திரும்பியபோது புழுக்கள் மண்ணுக்கு மேலே வந்து துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. அவர் பின்கட்டு வாசலில் நின்று, "இன்னா அனந்தவல்லி, புழுவுக்கெல்லாம் எழவு காத்துக்கினு ஒக்காந்துக்கினு கீற. வெள்ளிக்கிழம அவரப் பந்தல் பக்கமும் தூவிடறேன். அதுங்களும் மோட்சத்துக்குப் போவட்டும்" என்றார்.

மீதிப் புழுக்களெல்லாம் அந்த அவரைப் பந்தலடியில்தான் இருந்தன.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வினையைச் சேர்க்கும் என்று வளர்க்கப்பட்டவள் நான். யோசித்தேன், அவ்வளவுதான். துணியைத் துவைக்கலாம், ஆனால் துவைத்த தண்ணீர் மண்ணுக்குத்தானே போகும். எரித்தால் புகையில் கொசுக்கள் சாகும். எங்கே கொண்டுபோனாலும் ஏதோ ஓர் உயிருக்கு ஆபத்து.

வியாழக்கிழமை பொழுது இறங்குவதற்குள் அவர் சாப்பிட உட்கார்ந்தார். வடிகட்டினாயா என்று கேட்டார். வடிகட்டினேன் என்றேன், பொய் சொல்வது எங்களுக்கு ஆகாது. ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"தண்ணி ஒரு மாதிரி நாறுதே."

"நீங்க தூவனதுதாங்க. ஊடு முழுக்க நாறுது."

சொம்பைக் காலி செய்தார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துக்கொண்டு போனோம். அவர் உயிர் கூட்டேரிப்பட்டைத் தாண்டவில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள் ஐயா, நான் தடுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அன்று தண்ணீரை நான் இரண்டு முறை வடிகட்டினேன். முதலில் ஒரு புதுத் துணியில். அதில் தங்கியவற்றைக் கிணற்றில் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான் அவர் தூள் முடிந்த துணியில் ஊற்றினேன். தண்ணீரில் ஏதாவது சின்ன உயிர் இருந்து, அந்த மருந்து பட்டுச் செத்திருந்தால், அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?