அக்கர்மனுக்கு ஆறாவது டெர்மின்

...மூண்டு மணித்தியாலமாப் போச்சு அண்ணை. பல்லுப் பிடுங்க வந்த மனிசனை இப்பிடியோ இருத்தி வைக்கிறது? இஞ்ச பாருங்கோ, இடப்பக்கம், எப்பிடி வீங்கிக் கிடக்கெண்டு. வாய் திறக்கேலாது. கதைக்கவே ஏலாது எனக்கு.

இருக்கிற சனத்தைப் பாருங்கோ. ஒருத்தருக்காவது பல்லு நோகுதோ? அந்தா, தொப்பி போட்ட கிழவர். பேர் அக்கர்மனாம். இது தனக்கு ஆறாவது டெர்மின், பல்லுக் காட்ட நாள் குறிச்சு ஆறாவது கடிதம் வந்திருக்கெண்டு பெருமையாச் சொல்லுறார். வாயில கிடக்கிறது கட்டுப்பல்லு, அண்ணை. அதையும் அஞ்சுதரம் துடைச்சு அனுப்பிப்போட்டினம். எங்கட சனமெண்டால் ரெண்டாவது கடிதத்தையே குப்பையில போட்டிருக்கும். இந்த ஜேர்மன் சனங்கள் டெர்மின் எண்டு கடுதாசியில கண்டால் சவப்பெட்டியால எழும்பியும் வருங்கள்.

எப்பிடிக் கடிதம் வருதெண்டோ? அதை அனுப்புற சேர்வர் எங்கட கொம்பனியில தானே நிக்குது. நான்தான் பாக்கிறது. வேலையளை வரிசையில விட்டால், ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, அது பின்னால தன்ரபாட்டில ஒண்டொண்டாச் செய்யும். நல்ல சாமான். ஆனா ஆரோ ஒரு விசரன் முந்நூறு கடிதத்தையும் ஒரே வேலையாக் கட்டி விட்டிருக்கிறான். முந்நூறும் போனால்தான் முடிஞ்சுதெண்டு புள்ளடி போடும். இடையில நிப்பாட்டினால்... திருப்பி முதல்ல இருந்து. A-யில இருந்து Z வரைக்கும் பேர் வரிசை, அண்ணை. அதால அக்கர்மன், ஆட்லர் ஆக்களுக்குக் கிழமைக்குக் கிழமை கடிதம். கடைசி Z-இல நிக்கிற சிம்மர்மனுக்கு ஒண்டுமில்லை. பாவம், அந்தாளின்ர பல்லு இப்ப என்ன நிலையிலயோ.

ஏன் நிப்பாட்டுறதோ? வெள்ளிக்கிழமையில புதுத் திருத்தங்கள் ஏத்த நிப்பாட்டத்தானே வேணும். மரியாதையா நிப்பாட்டலாம். புது வேலை எடுக்காத, கையில கிடக்கிறதை முடிச்சிட்டுப் படு எண்டால் கேக்கும். அதுக்கு நான் இருவது நிமிசம் காவல் நிக்கவேணும். எனக்கு நாலு மணி ஏழுக்கு ஹாகன் போற ட்ரெயின். கோயில்ல பாட்டுப் பழக்கம், கீபோட் நான்தான். பிந்திப் போனால் பாட்டுப் பழக்கிற இமெல்டா அக்கா ஆக்களுக்கு முன்னால கிழிச்சுத் தொங்கவிடுவா. அதால... பத்துச் செக்கன் பாப்பன், பிறகு சேர்வரின்ர கழுத்தைத் திருகி நிப்பாட்டிப்போட்டு ஓடிடுவன்.

சரி... அதை எழுதின விசரனும் நான்தான். போன வருசம் உலகக்கிண்ண மட்ச் பாத்துப் பாத்து எழுதினது. ஒவ்வொரு கடிதத்தையும் தனி வேலையா விட்டிருந்தால் ஒரு செக்கனில நிண்டிருக்கும், கூத்தும் இல்லை. திங்கள் மாத்துவன். செஃபுக்கு, எங்கட முதலாளிக்கு, தெரியாது, நீங்களும் ஒருத்தரிட்டயும் வாய் விடாதேங்கோ.

அதுசரி, உங்களுக்கு எந்தப் பல்லு? நோகேல்லையோ? அப்ப ஏன்... கடிதமோ? நாலாவதோ? பேர் என்னெண்டு சொன்னனீங்கள்... ஆரோக்கியநாதரோ?

அண்ணை, எங்க எழும்புறியள்? இருங்கோ. பேர் பதியிற மேசையில இருக்கிற அந்தப் பிள்ளையிட்ட ஜேர்மன்ல என்ன சொல்லுறியள்... ஏன் என்னைக் காட்டுறியள்? அக்கர்மனும் எழும்புறார். எல்லாரும் எழும்புகினம்.

டொக்டர் வாறார். கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், முதல்ல என்னைத்தானாம். அண்ணை, ஒருக்காச் சொல்லிவிடுங்கோ... எனக்கு இப்ப நோகேல்லை.