ஆழப்பக்கத்து மூடி

மழைக்காலத்தில் நீச்சல் குளத்தைக் காலி செய்யக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. எனக்கும் கார்த்திகையில் குளத்து வேலையை ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது.

மில்லர்புரம் வீட்டை நாங்கள் வாங்கியபோதே குளம் இருந்தது. எட்டடி ஆழம், நீல ஓடு. அதைப் பார்த்துத்தான் பிளாரன்ஸ் வீட்டுக்குச் சம்மதித்தாள். என் மனைவி. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற குடும்பத்துப் பெண். மூச்சடக்கித் தரையைத் தொட்டுவிட்டு வருவது அவளுக்குக் காலைக் காப்பி மாதிரி. ஆனி மாதம் ஒரு காலை அப்படிப் போனவள் வரவில்லை. தரையில், பம்பு தண்ணீர் உறிஞ்சும் துளையின் மூடி விலகிக் கிடந்தது. தலைமுடி உள்ளே போய்விட்டது. திருகாணிகள் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும் என்று அன்றைக்கு வந்த உங்கள் ஆட்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

அம்மா குளத்தை மண்போட்டு மூடச் சொன்னாள். மாற்றிக் கட்டலாம் என்றேன். தரையை நாலடிக்கு உயர்த்தி, உறிஞ்சும் துளையை ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் யாரும் அகப்பட மாட்டார்கள். மெக்கானிக்கல் படித்தவன், படம் நானே வரைந்தேன்.

காண்ட்ராக்டர் பாண்டித்துரை வந்து பார்த்தார்.

"இப்பம் தண்ணிய எறக்குனா, அடியில ஊத்து தள்ளித் தொட்டி தோணி மாதிரி மெதந்துரும் சார். தை பொறக்கட்டும். அதுவரைக்கும் எவனையாச்சும் முங்கவிட்டு அந்த ஓட்டைக்கு நல்ல மூடியாப் போட்டுருங்க."

எனக்குத் தெரிந்து முங்கக்கூடியவர் ஒருவர்தான். பிளாரன்ஸின் அண்ணன் ஆன்டனி. அன்றைக்கு அவள் முடியை அறுத்து மேலே கொண்டுவந்ததும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் நீட்டினார். எட்டடிக்குக் கயிறு எதற்கு என்றேன்.

"எத்தன அடின்னா என்ன மாப்ள? கயிறு இல்லாம நாங்க முங்க மாட்டோம். அதையும் சம்பந்தக்காரன் கையிலதான் குடுப்போம். அன்னியன்னா பீடி பத்தவைக்கப் போயிருவான்." சிரித்தார். "ரெண்டு இழுப்பு இழுத்தா தூக்கணும். தூங்கிராதேயும்."

"பிளாரன்ஸே போயாச்சு. இன்னும் என்ன சம்பந்தம் மச்சான்?"

"அவ போனா முறை போயிருமா? பம்பு ஆஃப்லதான இருக்கு?"

"ஆமா."

படியில் இறங்கியவர் நின்றார். குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு சொல்லுதேன். துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு திருகாணியும் பம்பு ரூம் சன்னல்ல, டம்ளர்ல கெடந்துச்சு. அன்னைக்கே எடுத்துக் கடல்ல போட்டுட்டேன். எங்கம்மைக்குக்கூடத் தெரியாது. நீரு மனசுல வச்சு வருத்தப்படாதேயும்."

அவர் நல்லவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருகாணிகளைக் கழற்றியது நான்தான். அவள் போனதற்கு முந்தின நாள் குளத்தைக் கழுவக் காலி செய்திருந்தோம். துளையில் அடைத்திருந்த இலையை எடுத்துவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்தேன். முடுக்குவதற்குள் தண்ணீர் லாரிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. நிரப்பச் சொன்னேன். மறந்துபோனேன். மறுநாள் காலை வழக்கம்போல் பம்பைப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் துரு என்றே நினைத்துவந்தேன். அப்படி நினைக்க முடிந்தது. சாப்பிட முடிந்தது, வேலைக்குப் போக முடிந்தது. ஆனால் திரேஸ்புரத்தில் ஒருவர் ஐந்து மாதமாக என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார். இனியும் மன்னிப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத்தோடு வந்து மன்னிப்பார். நான் கேட்கவே இல்லை.

அவர் முங்கினார். துளைக்குள் கையை விட்டுக் கசடை அள்ளுவது மேலிருந்தே தெரிந்தது. பம்பு சுவிட்ச் என் முதுகுப்பக்கச் சுவரில் இருந்தது. போட்டேன். அது பெரிய பம்பு.

இரண்டு இழுப்பு வந்தது. மறுபடி இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். இழுப்பு நின்ற பிறகும், நீங்கள் வந்து வாங்கும்வரை, நான் கயிற்றை விடவில்லை. அன்னியன் என்றால் விட்டுவிட்டுப் போயிருப்பான்.