காலிக் கட்டம்

எனக்குக் கண்ட இடத்தில் குப்பை கிடந்தால் பிடிக்காது ஐயா. வீட்டிலும் அப்படித்தான், கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். பதினோரு வருடமாக இந்த மருத்துவமனையின் இணையப் பக்கங்களை எழுதிப் பராமரிப்பவன் நான். வெறும் எழுத்து மட்டும் தெரியும் எடிட்டர் மென்பொருளில், பக்கத்தைக் கட்டும் எச்.டி.எம்.எல். டேக் என்ற குறி ஒவ்வொன்றையும் கையால் திறந்து கையால் மூடுவேன். ஒரு வரி வீணாக இருக்காது.

என் தங்கையின் கணவரை அதே வேலைக்கு என் அறைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். தங்கமான மனிதர், மறுக்க மாட்டேன். ஆனால் கடிதம் தட்டுவதுபோலத் தட்டி, படத்தை இழுத்துப் போட்டால் பக்கம் தயாராகிவிடும் ஒரு எடிட்டரை வைத்துக்கொண்டிருந்தார். வெளியே பார்த்தால் அழகு. உள்ளே திறந்தால் ஒன்றுமில்லாத டேக் நூறு கிடக்கும். உள்ளே இருப்பது நோயாளிக்கா தெரியப்போகிறது என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவர் விரல்களோடு சேர்த்து மேசை இழுப்பறையை மூடினேன். இரண்டு நகம் போயிற்று. இழுப்பறை வழுக்கிவிட்டது என்று அவரே தங்கையிடம் சொல்லிவிட்டார். விரல் ஆறும்வரை அவர் தட்டாத அந்த இரண்டு வாரமும் பக்கங்கள் சுத்தமாக இருந்தன.

அப்புறம் பழைய கதைதான். கையால் துடைத்து மாளவில்லை. உள்ளே எதுவும் இல்லாத டேக்கைத் தேடி அழிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை எல்லாப் பக்கங்களிலும் ஓடவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் குப்பை ஒரே மூச்சில் போயிற்று. மனசு குளிர்ந்தது.

ஸ்கேனுக்கு முன் குழந்தைகளைத் தூங்கவைக்கும் மருந்துக்கு ஒரு பக்கம் உண்டு. ஒரு வயதுக்குள், ஐந்து வயதுக்குள், அதற்கு மேல் என்று மூன்று கட்டம். முதல் கட்டம் காலி. கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். டாக்டர்கள் அப்படித்தான் எழுதித் தந்தார்கள். என் நிரலுக்கு அதுவும் ஒரு காலி டேக். அழித்ததும் அடுத்த கட்டத்து அளவு நகர்ந்து வந்து கைக்குழந்தையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நர்ஸ்கள் அந்தத் திரையைப் பார்த்துத்தான் மருந்து ஊற்றுகிறார்கள்.

புதன்கிழமை மதியம் மாப்பிள்ளை வெளிறிப்போய் வந்தார். எட்டு மாதக் குழந்தை ஒன்று மூச்சு நின்று போய்விட்டதாம். அந்த மருந்துப் பக்கத்தின் பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மச்சான், இது நீங்க பண்ணினது. பரவாயில்ல, பழசைத் திரும்பப் போட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்."

என் நாற்காலியில் உட்கார்ந்தார். என் எடிட்டரை மூடிவிட்டு அவருடையதைத் திறந்தார். சுவரில் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கி அவர் பின்மண்டையில் போட்டேன். நெற்றி கீபோர்டில் மோதியது. திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடியது. இரண்டாவது அடியில் எலும்பு உள்ளே போனது என் கைக்குத் தெரிந்தது. மூன்றாவது தேவையில்லைதான். முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஓடிய எழுத்துகளை அழித்தேன். ரத்தத்தில் விரல் வழுக்கியதால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நீங்கள் கேட்பது புரிகிறது இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த ஒரு நிமிஷம் எனக்கும் இருந்தது. ஒன்பது எழுத்துத் தட்டினால் காலிக் கட்டம் திரும்ப வந்திருக்கும். ஆனால் திருத்தியவர் பெயரும் திருத்திய காரணமும் பதிவில் ஏறும். பதினோரு வருடத்தில் என் பெயருக்கு எதிரே ஒரு பிழைகூட ஏறியதில்லை. அறையைப் பூட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.

நாலு மணிக்கு வார்டு நர்ஸ் என் போனுக்குக் கூப்பிட்டாள். இன்னொரு கைக்குழந்தையை ஸ்கேனுக்கு எடுத்து வந்திருக்கிறார்கள். காலையில் அப்படி ஆனதிலிருந்து அவளுக்குச் சந்தேகம். திரையில் இருக்கும் அளவு சரிதானா என்று இரண்டு தரம் கேட்டாள்.

"என் பக்கத்துல தப்பே இருக்காதும்மா. தாராளமா ஊத்துங்க," என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் தங்கையிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் புருஷன் கெட்டவர் இல்லை, கருவியைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்.