பெல்ட் போட்டால் வரும் தைரியம்

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி வேன். காலை ஷிப்டுக்குப் போகும் இரண்டு பையன்கள் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மடியில், ஜிம்மில் வெயிட் தூக்குவதற்காகப் புதிதாக வாங்கிய அகலமான தோல் பெல்ட்.

“பெல்ட்டு போட்டா முதுகு தூங்கிடும் மச்சி,” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

வேனில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“முதுகு எப்பட்றா தூங்கும்?”

“வேலைய பெல்ட்டு பாத்துக்கினா, அது இன்னாத்துக்கு முழிச்சிக்கினு இருக்கணும்? காண்ட்ராக்ட் ஆளு வந்ததும் பர்மனென்ட் ஆளுங்க தூங்கறாங்கள்ல, அந்த மாதிரிதான்.”

“அப்போ ஹெல்மெட் போட்டா மூளை தூங்கிடுமா?”

“நம்ம சூப்பர்வைசர நீ பாத்ததில்ல?”

பெல்ட் வாங்கியவன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

“போன வாரமே முதுகு புடிச்சிக்கிச்சுடா. லைன்ல குனிய முடில. இது போட்டா தைரியமா தூக்கலாம்.”

“அந்தத் தைரியம்தான்டா டேஞ்சரு. தூக்க முடியாததயும் தூக்குவ. மொதல்ல வெயிட்ட கொற. மூச்ச இழுத்து வயித்த டைட் பண்ணித் தூக்கக் கத்துக்கோ.”

முன்னால் போன கன்டெய்னர் லாரியை முந்திக்கொண்டே டிரைவர் முழுசாகத் திரும்பினார்.

“கரெக்ட்டா சொன்ன தம்பி! அதனாலதான் நான் சீட் பெல்ட்டே போடறதில்ல. போட்டா தைரியம் வந்து மிதிச்சிடுவேன்.”

வேனில் எல்லோரும் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

“மச்சி,” என்றான் பெல்ட்டே கூடாது என்றவன். “அத இப்டி குடு.”

வாங்கி, கடைசி ஓட்டை வரை இறுக்கி மாட்டிக்கொண்டான்.