ஒரே புரதம், இரண்டு குப்பி

— அதாவது பாருங்க டோரதி, உங்க ஆய்வேட்டுல அந்த நாலாவது அத்தியாயத்த எடுத்துட்டா, மத்ததுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுடுவேன்.

— அது போனா மிச்சம் முன்னுரையும் நன்றியுரையுந்தான் சார். பெங்களூர் ஆய்வுக்கூடத்துல நான் கெடையாக் கெடந்ததே அதுக்காகத்தான். எண்பத்திரண்டுல பதிவு பண்ணினது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பல்கலைக்கழகத்துல குடுக்கலைன்னா காலாவதி.

— அவசரம் உங்களுக்கு, பொறுப்பு எனக்கு. துறைத் தலைவர் பாக்கியநாதன் கையெழுத்துன்னா அதுக்குன்னு ஒரு கனம் இருக்கு. ஜீன்ல மூணு மூணு எழுத்தா வருது. ஒவ்வொரு மூணெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். லூசினுக்கு மட்டும் ஆறு விதமா எழுதலாம். எப்படி எழுதினாலும் வர்றது லூசின். புரதமும் அதே புரதம். எழுத்து மாறினா வேகம் மாறும்னு எழுதியிருக்கீங்களே, இதுல வேகம் எங்கேர்ந்து வந்துச்சு?

— புரதம் அதேதான், நான் இல்லைங்கல. அதக் கட்டற நேரந்தான் வேற. எங்கப்பா காந்தி மார்க்கெட்ல வெங்காய மண்டி வச்சிருக்காருல்ல...

— வெங்காயத்துக்கும் பாக்டீரியாவுக்கும் என்னம்மா?

— சொல்லிடறேன் சார். மூட்டை தூக்க சிவப்புத் துண்டுக்காரங்க ஏகப்பட்ட பேர், நீலத் துண்டு ரெண்டே பேருன்னு வைங்க. தூக்கறது ஒரே வெங்காயந்தான். ஆனா நீலத் துண்டுதான் தூக்கணும்னு சீட்டு எழுதிட்டா, அந்த ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் லாரி நிக்கும். பாக்டீரியாவுலயும் அப்படித்தான். சில மூணெழுத்துக்கு அமிலத்தச் சுமந்துட்டு வர ஆள் நெறைய, சிலதுக்குக் கொறைச்சல். ஆள் கொறைஞ்ச எழுத்தாவே எழுதி வச்சா, புரதம் கட்டற ரைபோசோம் காத்துக் கெடக்கு.

— ஆயர் முன்னாடி இந்த டீக்கடைக் கதையச் சொல்லச் சொல்றீங்களா? நாளைக்குக் காலைல நம்ம கல்லூரி வெள்ளிவிழா. குத்துவிளக்குக்குப் பதிலா விஞ்ஞான விளக்குன்னு நானே யோசிச்சு வச்சது. உங்க ரெண்டு குப்பி பாக்டீரியா. ரெண்டுலயும் அதே புரதம், எழுத்து மட்டும் வேற. புரதம் கட்டறதத் தூண்டற மருந்த ஆயர் கையால ஊத்துவாரு. புரதம் உண்டானதும் ரெண்டும் ஒண்ணா மஞ்சளாகும். ‘வேற்றுமையில் ஒற்றுமை’ன்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு. கலெக்டருக்கும் போயாச்சு.

— ஒண்ணா ஆகாது சார். முதல் குப்பி மஞ்சளாகி ஆயர் உக்காந்தப்புறமும் ரெண்டாவது அப்படியே நிக்கும்.

— பதட்டத்துல சரியாக் கலக்கியிருக்க மாட்டீங்க.

— நேத்து ஒத்திகைல நீங்களேதானே சார் வந்து கலக்கினீங்க.

— ம். அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க.

— சாத்தியாச்சு சார்.

— அதாவது பாருங்க, ஆயர் வர்றதுக்கு முன்னாடியே திரைக்குப் பின்னால ரெண்டாவதுல மட்டும் மருந்த ஊத்தி வச்சுட்டா, ரெண்டும் சரியா ஒண்ணா மஞ்சளாகுமில்ல? எவ்வளவு முன்னாடி ஊத்தணும்?

— இல்லவே இல்லைன்னு நீங்க அடிச்சுச் சொன்ன வித்தியாசத்தையா சார் கேக்கறீங்க?

— நான் எங்க இல்லைன்னேன்? அழைப்பிதழ் அச்சானப்புறம் இருக்கக் கூடாதுன்னேன்.

— அப்ப நாலாவது அத்தியாயத்தோட சேத்துக் கையெழுத்துப் போடுங்க.

— பேனாவக் குடுங்க... போட்டாச்சு. இப்ப நேரத்தச் சொல்லுங்க.

— வேண்டாம் சார். வித்தியாசம் உண்டுன்னு இப்ப நீங்களே சான்று குடுத்துட்டீங்க. காலைல மேடைல ரெண்டும் ஒண்ணா மஞ்சளாச்சுன்னா, உங்க கையெழுத்தத்தான் நாலு பேர் சந்தேகப்படுவாங்க.

— கையெழுத்தையா?

— அந்தக் கனமான கையெழுத்தத்தான் சார்.

— சரி, ஒண்ணு பின்னால ஒண்ணாவே ஆகட்டும். ‘டோரதிகூட முதல்ல நம்பல, நான்தான் விடாம வற்புறுத்தினேன்’னு பேச்சத் தொடங்கிக்கறேன்.