நீல டைல்ஸ் தொட்டியின் முத்திரையை உடைத்தது நான்தான்

பெயர் கேட்டதற்கு மட்டக்கோல் மேஸ்திரி என்று சொன்னேன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் என் மனைவிக்கே ஆள் யாரென்று தெரியாது. வயது அறுபத்திரண்டு, பார்த்தால் தெரியாது. முகவரி, மிஷன் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பச்சைக் கதவு வீடு. ஏழாம் வகுப்பில் பாதி வரை படித்தேன், மீதியை அனுபவத்தில் முடித்தேன். தொழில் கட்டட வேலை. இந்த நகரத்தில் கோணலில்லாத சுவர் எதைக் கண்டாலும் அது என் கை வேலை என்று எழுதிக்கொள்ளலாம். இந்தக் காவல் நிலையத்துச் சுவர் நான் கட்டியதல்ல.

என்னை யாரும் மிரட்டவில்லை. அரசாங்கம் வைத்த முத்திரையை உடைத்த குற்றத்தைப் பற்றி நானாகவே வந்து சொல்கிறேன்.

மேற்படி ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் என் தங்கை மகள். தங்கை காலமான பிறகு என் வீட்டில் வளர்ந்தவள். மிஷன் பள்ளியில் படித்தாள், படித்த இடத்தில் தானாகவே கிறிஸ்தவளானாள். மதம் மாற அனுமதி கேட்கும் இந்தச் சட்டம் அப்போது கிடையாது. நான் மாறவில்லை. எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது என் மனைவியின் இலாகா, அதில் நான் தலையிடுவதில்லை.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா. அவர் கேட்டுக்கொண்டபடி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தேன். அவர் கேட்டது சாதாரண சிமெண்டுத் தொட்டி. என் கைக்குச் சாதாரண வேலை வராது. பெரிய ஹோட்டல் ஒன்றின் நீச்சல் குள வேலையில் மிஞ்சிய நீல டைல்ஸ் என்னிடம் இருந்தது, அதை உள்ளே முழுவதும் பதித்தேன். அதன் பிறகு, தொட்டியைக் கழுவ இறங்குகிறவன் நான் என்பதாலும், என் முழங்கால் ஏணிக்கு ஒத்துவராது என்பதாலும், உள்ளே படிக்கட்டு வைத்து, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பியும் போட்டேன். அந்தத் தொட்டியைப் பார்க்கவே மூன்று மாவட்டத்திலிருந்து இன்ஜினியர்கள் வந்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார்.

திறப்பு விழாவுக்குச் சால்வை என்று நாங்கள் சொல்லும் அரசியல்காரர் வந்தார். அன்று அவர் அப்போதைய ஆளுங்கட்சி. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். "மிஷன்காரங்க சேவை இந்த நாட்டுக்குக் கிடைச்ச வரம்" என்று பேசினார். அவருடைய பேரன் பிறந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான், பிறந்த குழந்தையைக் கழுவியது இதே தொட்டித் தண்ணீரில்தான்.

அதன் பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது, சால்வையும் மாறினார். தலைநகரத்தில் சட்டம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் ஒருவன் மதம் மாறினால் குற்றம், மாற்றினாலும் குற்றம். வெளிநாட்டிலிருந்து மிஷனுக்கு வந்துகொண்டிருந்த உதவியை நிறுத்தினார்கள். டாக்டரம்மாவின் விசாவை ரத்து செய்தார்கள். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்த மனுஷியை, வீடு காலி செய்யாத குடித்தனக்காரனை விரட்டுவதுபோல் விரட்டினார்கள். புறப்படும்போது என் முழங்காலுக்காக ஒருமுறை ஜெபம் செய்துவிட்டுப் போனார். முழங்கால் சரியாகவில்லை. ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்கிறவர்களுக்கு என் முழங்காலே எதிர்ச்சாட்சி என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு என் தங்கை மகள் ஒருத்தியே நர்சாகவும் நிர்வாகியாகவும் ஆஸ்பத்திரியை நடத்தி வந்தாள். அப்படியிருக்கையில் சால்வை ஓர் அதிகாரியையும் கேமராக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நேராகத் தொட்டிக்குப் போனார். தகவல் தெரிந்து நானும் போனேன்.

"என்ன மேஸ்திரி, தண்ணித் தொட்டிக்குப் படிக்கட்டு எதுக்கு? யாரை எறக்கி முக்குறீங்க?" என்று கேட்டார்.

"என்னைத்தான். தொடப்பத்தோட" என்றேன்.

"நீல டைல்ஸ் எதுக்கு?"

"போன தடவை வந்தப்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்."

கேமராக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சால்வைக்கு முகம் சுண்டிப்போனது. "இது ஞானஸ்நானத் தொட்டி. ஜனங்களை ரகசியமா மதம் மாத்துற எடம்" என்று அதிகாரியிடம் சொன்னார். அதற்கு நான், "மனுஷன் மதம் மாறணும்னா அனுமதி வாங்கணும். நீங்க கட்சி மாறினப்ப எந்த ஆபீசுல அனுமதி வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவருடன் வந்த இருபது பேர் என்மேல் பாய்ந்தார்கள், அத்தனை பேரையும் நான் சமாளித்தேன். என் வலது கை முறிந்தது அதில்தான். படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தால் அது எழுதியவர்களின் அடக்கம்.

அன்றே தொட்டியின் மேல் இரும்பு மூடி போட்டுப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வேறு தண்ணீர் கிடையாது. என் தங்கை மகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். மனு தலைநகரத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். தலைநகரத்தில் கேட்டால் இங்கே வந்துவிட்டது என்றார்கள். பேருந்து நிலையக் குழாயிலிருந்து நாங்கள் குடத்தில் தூக்கி வந்தோம். பிரசவ வார்டில் கை கழுவுவதற்குக் கூடக் கணக்குப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தலைநகரத்தில் யாரோ மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியதற்கு இங்கே பெற்றவள் இரத்தத் துணியோடு கிடந்தாள். இந்த வரியை அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்கக் கூடாது.

சம்பவ நாளன்று மதியம் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார். பிரசவம் ஆயிற்று, அதன் பிறகு இரத்தம் நிற்கவில்லை. பேருந்து நிலையக் குழாயிலும் அன்று தண்ணீர் வரவில்லை. என் தங்கை மகள் வெளியே வந்து, கடைசிக் குடத்தைக் கவிழ்த்துக் கை கழுவினாள். பாதி சோப்போடு தண்ணீர் தீர்ந்தது. அவள் அழவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதன் பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, உங்க கடப்பாரை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். எடுத்தது நான், உடைத்தது நான். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையாலேயே ஓங்கினேன். ஒரே போடு. பூட்டு எகிறிப் போய் எதிர் மாடியில் விழுந்தது. முத்திரை தூளாயிற்று. மூடியை ஒரு கையால் புரட்டினேன். அதன் பிறகு வார்டுக்குத் தண்ணீர் போயிற்று, தையல் போடப்பட்டது, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை. எந்த மதம் என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

போலீசார் வந்தபோது கடப்பாரை என் தங்கை மகள் கையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். வியர்வை துடைக்க நான்தான் அவளிடம் கொடுத்தேன். அவள் உள்ளங்கை கன்றிப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். நர்ஸ் வேலை செய்கிறவர்களுக்குக் கை அப்படித்தான் இருக்கும். அவள் மேல் வழக்குப் போட்டால் அவளுடைய நர்ஸ் பதிவு பறிபோகும், ஆஸ்பத்திரிக் கதவும் மூடும். அதற்காகத்தான் சிலர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் பெரிய காரியம் எது நடந்தாலும் அதைச் செய்தவன் நான்தான். இதில் மட்டும் இன்னொருவருக்குப் பங்கு கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்தத் தொட்டியில் ஞானஸ்நானம் நடந்ததா என்று கேட்டதற்குச் சொல்வது: அதில் இறங்கி முழுகியவன் நான் ஒருவன்தான், அதுவும் மாதா மாதம். எனக்கே ஒன்றும் ஆகவில்லை. சந்தேகம் இருந்தால் சால்வையின் பேரனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

மேலே கண்டதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் சத்தியம். கையெழுத்துப் போட இடது கையால் முயன்றேன். பேனா விரலில் நிற்காமல் மூன்று தடவை கீழே விழுந்தது.

"பேனா பிடிக்க முடியாத கை கடப்பாரையை எப்படிய்யா பிடிச்சுது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கடப்பாரைக்குக் கோபம் போதும் சார். பேனாவுக்குத்தான் படிப்பு வேணும்" என்றேன்.

அவர் என் மாவுக்கட்டைப் பார்த்தார். அதன் பிறகு மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இடது பெருவிரல் ரேகை கீழே வைத்திருக்கிறேன்.