கயிறிழுத்தலுக்கு அடுத்த அறிவித்தல்

நிலூஷா (மனதுக்குள்): அண்ணன் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். எந்த நேரமும் எழுந்து போகக்கூடியவர் உட்காரும் விதம் அது. என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, முன்னால் இருக்கும் எங்கள் சவுண்ட் கடைவரைக்கும் வருவார். ஊர் அறிவித்தல்களை எழுதிய தாளை என் கணவர் நிஸாமிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். நான் வாசித்துப் பதிந்து கொடுப்பேன். எங்கள் ஊர் கடுகண்ணாவை முழுக்க, ஒலிபெருக்கி கட்டிய த்ரீவீலில் என் குரல் சுற்றும். நிஸாமைக் கட்டிக்கொண்ட பிறகு நான் அங்கே போவதில்லை. இன்றைக்கு என்ன கேட்க வந்திருக்கிறார் என்று தெரியும். கேட்கட்டும். சத்தம் மட்டும் போடாமல் கேட்கட்டும்.

திவாகரன்: ...ஊரே வந்துருச்சு நிலூ! ஊரே! நான் யாருக்குன்னு பதில் சொல்றது?

நிலூஷா: மெதுவாண்ணே. மெதுவா பேசுங்க.

திவாகரன்: எப்படி மெதுவா பேசுறது? உசுரோட இருக்கிற மனுஷனுக்கு மாலை வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க!

நிலூஷா: தெரியும். ஆனா மெதுவா சொல்லுங்க. மொதல்லேருந்து.

திவாகரன்: நேத்து சாயங்காலம். ஒங்க ட்ரைவர் ரிஸ்மி த்ரீவீல எடுத்துக்கிட்டு எங்க ரோட்டுக்கு வர்றான். புத்தாண்டு விளையாட்டு விழா அறிவித்தல் ஓடுது. கயிறிழுத்தல், கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை... எல்லாம் நல்லாத்தான் போகுது. லீவுக்கு ஸக்கியா டீச்சர் நடத்துற சித்திர வகுப்பு, சனிக்கிழமை கண் பரிசோதனை... அதுவும் போச்சு. அப்புறம்...

நிஸாம்: அடுத்தது.

திவாகரன்: அடுத்தது! 'கடுகண்ணாவையைச் சேர்ந்த முருகையா கணபதி அவர்கள் காலமானார்'னு! எங்கப்பா! எங்க வீட்டு வாசல்ல வச்சு! கயிறிழுத்தலுக்குச் சொன்ன அதே கொரல்ல!

நிலூஷா: அதே கொரல் இல்லண்ணே. அதுக்கு வேற கொரல்.

திவாகரன்: இப்ப அதுவா முக்கியம்?

நிஸாம்: பென் டிரைவ்ல ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஈந்திச்சு மச்சான். ஒண்ணு முடிஞ்சா மத்தது தானா ஓடும். ரிஸ்மி வண்டிய ஓரத்துல போட்டுட்டு பெட்டிஸ் வாங்கப் போயீக்கான். அவன் கடிச்சு முடிக்கிற நேரம் ரெண்டு தரம் ஓடிட்டு.

திவாகரன்: பெட்டிஸ்! பெட்டிஸ் தின்ன நேரத்துல எங்கப்பாவக் கொன்னுட்டான்!

நிலூஷா: அண்ணே, சத்தம்...

திவாகரன்: பழக்கடை சீதாக்கா இருக்குல்ல, அது தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடி வருது. கதவத் தட்டுது. தொறந்தது யாரு?

நிலூஷா: அப்பாவா?

திவாகரன்: அப்பாதான்! சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு. 'யாரும்மா போயிட்டாங்க?'ன்னு கேக்குறாரு. அது அப்படியே மயங்கி விழுந்துருச்சு. அவரே தண்ணி தெளிச்சு எழுப்புனாரு. கண்ணத் தொறந்து அவரப் பாத்துட்டு மறுபடியும் விழுந்துருச்சு!

நிஸாம்: ம்ஹ்...

திவாகரன்: சிரிக்காதீங்க.

நிஸாம்: சிரிக்கல்ல மச்சான். இருமல்.

திவாகரன்: ஒங்களுக்கென்ன. புத்தாண்டுக்குக் கட்டுன கலர்க் கொடியெல்லாம் அவுத்துட்டு சந்தியிலேருந்து வீடு வரைக்கும் வெள்ளக் கொடி கட்டிட்டாங்க. கயிறிழுக்குற டீம் பேனரே அடிச்சிருக்கு. அப்பாவோட கல்யாண போட்டோவப் போட்டு. அது எங்கேருந்து கெடச்சுதோ!

நிலூஷா: அதுல அப்பா நல்லா இருப்பாரு.

திவாகரன்: நீயுமா?

நிலூஷா: இல்லண்ணே... சும்மா சொன்னேன்.

நிலூஷா (மனதுக்குள்): இப்படித்தான் எனக்கு. அதிர்ச்சியின் நடுவில் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன மாதம் அந்தத் தாள் வந்தபோதும் அப்படித்தான். அப்பா கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டொக்டர் சொன்னாராம். அன்றைக்கே அண்ணன் அறிவித்தலை எழுதிக் கொடுத்துவிட்டார், தாமதமாகிவிடக் கூடாதென்று. 'ஜெயராஜ், திவாகரன் ஆகியோரின் அன்புத் தந்தையும்' என்று ஒரு வரி. பெரிய அண்ணனும் இவரும். மூன்றாவதாக என் பெயர் இல்லை. நான் அழவில்லை. அண்ணனின் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் எழுதியது மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன்.

திவாகரன்: தப்பு ஒங்க பக்கம் நிஸாம். அப்பா பொழச்சு வீட்டுக்கு வந்த அன்னைக்கே அத அழிச்சிருக்கணும்.

நிஸாம்: அழிக்கப் பார்த்தேன்.

திவாகரன்: அப்ப ஏன் அழிக்கல?

நிஸாம்: வேணாம் மச்சான். டீ குடிங்க.

நிலூஷா: ஏன் அழிக்கல? சொல்லுங்க. எனக்கும் தெரியாது.

நிஸாம்: போன் கோல் எடுத்துக் கேட்டேன்... 'அழிச்சிடவா மச்சான்?'ன்னு.

திவாகரன்: சரி சரி, அத விடுங்க...

நிஸாம்: 'இருக்கட்டும், இன்னைக்கோ நாளைக்கோ தேவைப்படும்'னு சென்னாரு.

திவாகரன்: அப்படி இல்ல நிலூ. அந்த நேரம் அவரு இருந்த இருப்புக்கு...

நிலூஷா: வீட்டுக்கு வந்தவருக்காண்ணே அப்படிச் சொன்னீங்க? எழும்பி நடந்துக்கிட்டு இருந்தவருக்கா?

திவாகரன்: வயசானவங்களுக்கு எப்ப என்ன ஆகும்னு... எல்லா வீட்லயும் செய்றதுதான்! ஒளிச்சு வச்சு செய்வாங்க. நமக்கு வெளிய வந்துருச்சு, அவ்வளவுதான்.

நிலூஷா: அப்பா அத முழுசா கேட்டாரா?

திவாகரன்: ரெண்டு தரமும். சத்தம் வந்த ஒடனே வழக்கம் போல வாசல் கேட்டுப் பக்கம் போய் நின்னுட்டாரு.

நிலூஷா: வழக்கம் போலன்னா?

திவாகரன்: ஒன் அறிவித்தல் வந்தா எப்பவும் போவாரே. பைப் தண்ணி வெட்டுற அறிவித்தலுக்கும் போய் நிப்பாரு. எங்களுக்குக் கெணத்துத் தண்ணி. அவருக்கு எதுக்கு அந்த விபரம்?

நிலூஷா: எப்பவுமா?

திவாகரன்: எப்பவும். வண்டி வளைவுல மறையுற வரைக்கும் நிப்பாரு. அப்புறம் உள்ள வந்து உக்காந்துருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு.

நிலூஷா: இத்தன வருஷத்துல ஒரு தரம்... ஒரு தரமாச்சும் இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

திவாகரன்: என்னன்னு சொல்றது? ஒன் பேரையே அவரு வாயில எடுத்ததில்ல. பிடிக்கலன்னுதான் நாங்க நெனச்சோம்.

நிலூஷா: நேத்து கேட்டுட்டு என்ன சொன்னாரு?

திவாகரன்: ஒண்ணும் சொல்லல.

நிலூஷா: அண்ணே.

திவாகரன்: ...'வாசிச்ச புள்ள பேரு எங்கடா?'ன்னு கேட்டாரு.

நிலூஷா: நீங்க?

திவாகரன்: விட்டுப்போச்சுன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

நிலூஷா (மனதுக்குள்): பதிகிறபோது நிஸாம் சொன்னார், 'ஒங்கட பேரையும் சேர்த்து வாசிங்க, யாரு கேக்குற?' நான் சேர்க்கவில்லை. ரோஷம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ரோஷம் மட்டும் இல்லை. மற்றவர்கள் வைத்துக் கூப்பிட வேண்டிய இடத்தில் நானே என்னைக் கூப்பிட்டுக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது பெயருக்குப் பிறகு மூச்சு மட்டும் ஒரு கணம் நின்றது. திரும்பக் கேட்டபோது அந்த இடைவெளி தெரிந்தது. வெட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை. வெட்டாமல் விட்டேன்.

திவாகரன்: நடந்தது நடந்துபோச்சு. இப்ப இதுக்கு ஒரு வழி பண்ணு. எழுதியே கொண்டாந்துட்டேன். ஒடனே பதிஞ்சு குடு, பொழுது சாயிறதுக்குள்ள ஊரச் சுத்தணும். நாளைக்கு விழா.

நிலூஷா: வாசிங்க பாப்போம்.

திவாகரன்: 'நேற்று தவறுதலாக ஒலிபரப்பான அறிவித்தலுக்கு வருந்துகிறோம். திரு. கணபதி அவர்கள் தமது இல்லத்தில் பூரண நலத்துடன் இருக்கிறார். அன்னார் நாளைய விளையாட்டு விழாவில் மங்கள விளக்கேற்றி...'

நிஸாம்: மச்சான், 'அன்னார்' எண்டு மௌத்தாப் போனவங்களுக்குத்தான் செல்ற. அத மட்டும் வெட்டுங்க.

திவாகரன்: ...சரி, வெட்டியாச்சு. 'விளக்கேற்றி வைப்பார். இவ்வண்ணம், மகன்மார் ஜெயராஜ், திவாகரன்.'

நிலூஷா: இதுலயும் ரெண்டு பேருதான்.

திவாகரன்: அவசரத்துல எழுதுனது நிலூ...

நிலூஷா: தமது இல்லத்திலதான் இருக்காரா?

திவாகரன்: வேற எங்க இருப்பாரு?

நிலூஷா: இப்ப என்ன செய்றாரு?

திவாகரன்: படுத்திருக்காரு. கஞ்சி குடிச்சாரு, படுத்துட்டாரு.

நிலூஷா: யாரு குடுத்தா?

திவாகரன்: ஒங்க அண்ணிதான். என்ன நீ, பொலிஸ் மாதிரி கேக்குற!

நிஸாம்: எங்கட வீட்டுலயும் இன்னைக்குக் கஞ்சிதான் மச்சான். தேங்காப்பால் ஊத்தி நான்தான் காச்சின.

திவாகரன்: நோன்பா ஒங்களுக்கு?

நிஸாம்: நோன்பு முடிஞ்சு பெருநாளும் முடிஞ்சே. வீட்ல ஒரு ஆளுக்கு ஒடம்புக்கு ஏலாம ஈக்கி.

திவாகரன்: யாருக்கு, மகளுக்கா? அதான் மெதுவா பேசச் சொல்றியா நிலூ?

நிலூஷா: டீ ஆறுதுண்ணே. அப்பாவுக்கு ஒரு கோல் எடுங்க. ஒரு வார்த்த பேசுறேன். மன்னிப்புக் கேக்கணும்.

திவாகரன்: தூங்குறவர எதுக்கு எழுப்புறது?

நிலூஷா: அண்ணிக்கு எடுங்க. தூங்குறத எட்டிப் பாத்துச் சொன்னா போதும்.

திவாகரன்: போன்ல சார்ஜ் இல்ல.

நிஸாம்: சார்ஜர் ஈக்கி. இந்தாங்க.

நிலூஷா: அண்ணே?

திவாகரன்: அப்பாவக் காணோம் நிலூ.

நிலூஷா (மனதுக்குள்): சொல்லிவிட்டார். இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இனி நானும் சொல்லிவிடலாம். சார்ஜர் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறார். சின்ன வயதில் ரயில் பாதையில் என்னைத் தொலைத்துவிட்டுத் தேடிக் கண்டுபிடித்தபோதும் என் ரிப்பனை இப்படித்தான் விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு.

நிலூஷா: எங்கெல்லாம் தேடுனீங்க?

திவாகரன்: காலையில பாத்தா கதவு தொறந்து கெடக்கு. செருப்பு இல்ல, கொட இல்ல. ரிஸ்மி ரோட்டுல எங்கயாச்சும் கண்டிருப்பானோன்னு கோல் எடுத்தேன், அவன் எடுக்கவே இல்ல.

நிலூஷா: பொலிஸுக்குச் சொன்னீங்களா?

திவாகரன்: பொலிஸா? நேத்து செத்துட்டாருன்னு அறிவிச்சுட்டு, இன்னைக்குக் காணோம்னு போய் நிக்கவா?

நிலூஷா: சொந்தக்காரங்க வீடு? ஆஸ்பத்திரி?

திவாகரன்: தேடுவோம். தேடாம இருப்பமா? மொதல்ல நீ இத வாசி. ஊரு அடங்கட்டும், விழா முடியட்டும்.

நிலூஷா: விழா... முடியட்டுமா?

திவாகரன்: கமிட்டிக்கு நான்தானே செயலாளர்! எங்க வீட்டுப் பேரு நாறிப்போச்சுன்னா நாளைக்கு எப்படி மேடையில ஏறுறது? அப்பாவுக்கு அசதின்னு சொல்லிட்டு விளக்க நானே ஏத்திக்கிறேன். வீட்லதான் இருக்காருன்னு ஒன் கொரல்ல கேட்டுட்டா போதும். ஒன் கொரலச் சனம் நம்பும் நிலூ.

நிஸாம்: யா அல்லாஹ்... தேட முந்தியா மச்சான் அறிவிக்கப் போற?

திவாகரன்: நீங்க சும்மா இருங்க. இது எங்க குடும்ப விஷயம்.

நிலூஷா: நான் அந்தக் குடும்பத்துல இருக்கேனாண்ணே?

திவாகரன்: இதுக்குத்தானா இவ்வளவு நேரமும் இழுக்குற? நிஸாம், அந்தப் பேனாவக் குடுங்க. இந்தா... 'மகள் நிலூஷா.' போட்டாச்சு. பாரு, அண்ணன் பேருக்கு அடுத்ததாப் போட்டிருக்கேன். எனக்கும் முந்தி! இப்பத் திருப்தியா? வாசிப்பேல்ல?

நிஸாம்: நிலூ... மைக்கப் போடவா?

நிலூஷா (மனதுக்குள்): மை இன்னும் காயவில்லை. அதே பள்ளிக்கூடக் கையெழுத்தில் என் பெயர். இதைக் காண வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். இதைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. அதற்கு மேலே 'தமது இல்லத்தில்' என்று இருக்கிறது. உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறது.

திவாகரன்: என்ன யோசன? நேரம் போகுது, நிலூ!

நிலூஷா: வேணாண்ணே. என் பேரையும் வெட்டிருங்க, இத நான் வாசிக்கல... சத்தம் மட்டும் போடாதீங்க. ஒங்க ரெண்டு பேரு பேருக்கு அப்புறம் எனக்கு ஏன் மூச்சு நின்னுச்சுன்னு கேக்கத்தான் விடிய ரிஸ்மி வண்டியில ஏறி வந்தாராம்... கேட்டுட்டு, கஞ்சி குடிச்சுட்டு, இப்பத்தான் அந்த அறையில அப்பா கண் அசந்தாரு.